"சொன்னேனேப்பா"

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. மனைவி, பத்து வயதில் ஒரு மகள். தணிக்கை அலுவலகத்தில் வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. அதனாலேயே 'அடிமை' என்ற சொல்லை எனக்குப் பொருத்திப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பா போன் செய்வார். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதே போனில் வீடியோக்களைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டிருப்பேன். நடுநடுவே ஒரு 'ம்ம்'. அப்படி ஒரு ஞாயிறு, கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதைச் சொல்லியிருக்கிறார். எனக்குக் காதில் விழவே இல்லை. அடுத்த வாரம் நானாகவே "டாக்டர் என்னப்பா சொன்னார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு "சொன்னேனேப்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திரை நேரக் கணக்கு தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. செயலிகளை நீக்குவேன், இரண்டு நாளில் திரும்ப ஏற்றிவிடுவேன். வீட்டில் எல்லோரும் படுத்தபின் 'ஐந்து நிமிடம்' என்று எடுத்தால் மணி ஒன்றாகிவிடுகிறது. அலுவலகத்தில் கணக்கு ஒன்று டேலி ஆகாமல் இழுத்தால் கை தானாகப் பைக்குள் போகிறது. சில நேரம் போன் அதிராமலே தொடையில் அதிர்வது போலிருக்கிறது. முன்பும் போன் பார்ப்பேன்தான். ஒன்றரை வருஷமாகத்தான் இவ்வளவு மோசம்.

அப்பா இப்போது தனியாக இருக்கிறார். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் போனில் பேசுவது அம்மாதான், அப்பா பின்னாலிருந்து ஏதாவது குரல் கொடுப்பார். இப்போது அவர் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை.

இது நோயா? பேசாமல் பழைய பட்டன் போனுக்கு மாறிவிடட்டுமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டன் போன் வேண்டாம். செயலிகளை நீக்கி நீக்கி ஏற்றிய அதே கதைதான் அங்கும் நடக்கும். வங்கி வேலைக்கோ அலுவலக வேலைக்கோ ஸ்மார்ட்போனை ஒரு நாள் எடுப்பீர்கள், அன்றிரவே மணி ஒன்றாகியிருக்கும்.

நோயா என்றால், உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'ஸ்மார்ட்போன் அடிமைத்தனம்' என்று ஒன்று இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில் இதற்கு நெருக்கமாக வீடியோ கேம் கோளாறு இருக்கிறது. அதற்குச் சொல்லும் அடையாளங்கள் மூன்று: கட்டுப்படுத்த முடியாமை, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. மூன்றும் உங்கள் கடிதத்தில் தலைகாட்டுகின்றன. பட்டியலில் பெயர் இல்லை என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம், பெயர் வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம். தொடையில் அதிர்வது பலருக்கும் வருவது. அதை விட்டுத்தள்ளுங்கள்.

கை தானாகப் போவதற்கு உங்கள் மனவுறுதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துப் பார்த்த விஷயம் இது. எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்துகிறது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. பத்து வீடியோ சப்பென்று போய் ஒன்று நன்றாக இருந்தால் போதும், உங்கள் கட்டைவிரலும் அப்படித்தான். போதாததற்கு முடிவில்லாத பக்கம் வேறு. 2006இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் வந்தால் மடித்து வைத்துவிடுவோம். இதில் மடிக்க இடமே இல்லை.

ஆனால் இந்தப் பொறி எல்லோர் கையிலும்தான் இருக்கிறது. உங்களுக்கு ஏன் ஒன்றரை வருஷமாக மட்டும் இப்படி? கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 'ஒன்றரை வருஷமாகத்தான் மோசம்' என்று ஒரு பத்தியை முடித்து, அடுத்த பத்தியிலேயே 'அம்மா போய் ஒன்றரை வருஷம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நேரில் வந்திருந்தால், அம்மாவுக்காக அழுதீர்களா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

நீங்கள் போனை எடுக்கும் நேரங்களும் அதையே சொல்கின்றன. வீடு அடங்கிய ராத்திரி, பிடிபடாத கணக்கு, அப்பா உடம்பைப் பற்றிப் பேசும் நிமிடம். மூன்றிலும் நீங்கள் ஏதோ ஒன்றோடு தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து நழுவ, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாசல். அதனால் 6 மணி நேரத்தை 3 ஆக்குவது எனக்கு இப்போது முக்கியமில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். போனைக் காதில் வைத்துப் பேசுங்கள். காதருகே போனதும் திரை தானாக அணைந்துவிடும். அந்த நேரத்துக்கு அது வெறும் தொலைபேசி. எழுந்து நடந்துகொண்டே பேசினால் இன்னும் நல்லது. சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால், "என்ன சொல்றதுன்னு தெரியலப்பா" என்றே சொல்லலாம். அவருக்கும் தெரியாமல்தான் இருக்கும். உங்கள் இருவருக்கும் நடுவே பேசிக்கொடுத்தவர் இப்போது இல்லை.

ராத்திரிக்கு ஒரே ஏற்பாடுதான். சார்ஜர் கூடத்தில், நீங்கள் படுக்கையறையில். 'அலாரம் அதில்தானே' என்பீர்கள் (எல்லோரும் சொல்வதுதான்). ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். திரைக்குக் கடவு எண் போட்டு மனைவியிடம் கொடுத்துவைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனைவி காவலர் ஆகிவிடுவார், நீங்கள் திருட ஆரம்பிப்பீர்கள்.

அலுவலகத்தில் கை பைக்குப் போகும்போது தடுத்துச் சண்டை போட வேண்டாம். 'இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை, அதனால் கை போகிறது' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அந்த உந்துதல் ஏறும், பிறகு தானாகத் தணியும். தணியாமல் எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அடுத்த முறை பார்ப்போம். அறிவிப்புகளில் மனிதர்கள் அனுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

21 நாளில் பழக்கம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2009இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ள சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. போன் தூரத்தில் இருந்தும் தூக்கம் வராமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அப்போது அம்மாவைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேதியை அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டீர்களா? முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திரை நேரக் கணக்கு வேண்டாம், அப்பாவுக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.