வீட்டுப் பள்ளியில் ஸ்பானிஷ்: எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. இருவருக்கும் வீட்டிலேயே நான்தான் பாடம் நடத்துகிறேன். ஸ்பானிஷும் சொல்லிக்கொடுக்க ஆசை, ஆனால் எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆறு மாதம் மொபைல் ஆப்பில் ஓட்டினோம். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' என்பதைத் தாண்டவில்லை. கடையில் யாராவது ஸ்பானிஷில் பேர் கேட்டால் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். எந்தப் பாடத்திட்டத்தை வாங்கலாம்? இருவருக்கும் ஒன்றே போதுமா? மூன்றாவது மொழி வந்தால் தமிழ் போய்விடுமா?

பதில்: இருவருக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டாம். 'குடும்பத்துக்கே ஒரு பெட்டி' என்று விற்பதை வாங்கினால் மகனுக்குச் சலிக்கும், மகளுக்குப் புரியாது, மூன்றாம் மாதம் பெட்டி அலமாரிக்குள் போய்விடும். பாட்டையும் படத்தையும் இருவரும் சேர்ந்து கேட்கலாம், பார்க்கலாம். புத்தகம் தனித்தனியாக இருக்கட்டும்.

பணம் போடுவதற்கு முன்னால், இதை எதற்காகப் படிக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். டெக்சாஸில் வீட்டுப் பள்ளிக்கு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும்தான் கட்டாயம். வேற்று மொழி அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே அவசரமும் இல்லை. ஆனால் அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்கள் உயர்நிலைப் பள்ளி முடிப்பதற்குள் ஒரே வேற்று மொழியில் 2 கிரெடிட் (ஒரு கிரெடிட் என்பது ஓர் ஆண்டுப் பாடம்) எடுக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களும் அதே இரண்டு ஆண்டை எதிர்பார்க்கின்றன. உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இப்போது பேச்சும் காதும் பழகிவிட்டால், கிரெடிட்டுக்கான இலக்கணப் பாடத்தை அப்போது சிரமமில்லாமல் முடித்துவிடலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஸ்பானிஷை ஆங்கிலம் பேசுபவர்களுக்கு எளிதான மொழிகளில் சேர்த்திருக்கிறது. அப்படியும் தொழில்முறையில் பேசும் அளவுக்கு வர, வளர்ந்தவர்களுக்கே 600 வகுப்பு மணி நேரத்துக்கு மேல் கணக்கிடுகிறது. தினம் 20 நிமிடம், வாரம் 5 நாள், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்தால் வருவது 60 மணி நேரம். உங்கள் ஆப் ஆறு மாதத்தில் 'ஆப்பிள் சாப்பிடுகிறான்' வரை கொண்டுவந்ததில் ஆச்சரியமே இல்லை. எந்தப் பாடத்திட்டமும் ஒரே ஆண்டில் சரளமாகப் பேச வைக்காது. 'சரளம்' என்ற சொல் அட்டையில் பெரிதாக இருந்தால் உள்ளே எத்தனை மணி நேரப் பாடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. இலக்கணத்தை முன்வைத்து, வினை விகுதிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்யவைப்பவை முதல் வகை. கதை, படம், சைகை என்று புரியும்படி நிறையக் கேட்கவைப்பவை இரண்டாவது. ஆப்புகள் மூன்றாவது. ஆசிரியரோடு நேரடியாகவோ ஆன்லைனிலோ வகுப்பு நான்காவது. உங்கள் வீட்டில் பிரச்சினை ஆப் மோசமானது என்பதல்ல. நான்கு சொல்லைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது, குழந்தை தொடுகிறது. அடையாளம் காண்பது ஒரு திறமை, வாய் திறந்து சொல்வது வேறொரு திறமை. கடையில் ஒளிந்துகொள்கிறார்கள் என்றால் இரண்டாவதற்கு இதுவரை பயிற்சியே கிடைக்கவில்லை. ஆப்பை 10 நிமிடச் சொல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம், பாடமாக வைக்க முடியாது.

மகளுக்கு இந்த ஆண்டு இலக்கணமே வேண்டாம். பாட்டு, பொம்மலாட்டம், கட்டளை விளையாட்டு, இவை போதும். கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ் வெளியிடும் 'சாங் ஸ்கூல் ஸ்பானிஷ்' இந்த வயதுக்கு ஏற்றது. வாரப் பாடம் சிறியது, பாட்டு ஒலிவடிவில் வருகிறது, ஸ்பானிஷ் தெரியாத அம்மாவும் நடத்திவிடலாம். அதில் குறை என்னவென்றால் சொற்கள் நிறைய, வாக்கியங்கள் குறைவு. அதை ஈடுகட்ட ஜார்ஜியா பப்ளிக் பிராட்காஸ்டிங் தயாரித்த 'சால்சா' என்ற பொம்மலாட்டத் தொடரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த தேவதைக் கதைகளையே ஸ்பானிஷில் நடத்துகிறார்கள். ஒரே பகுதியை ஒரு வாரம் முழுக்கப் போடுங்கள். புதிதாகப் போடாமல் பழையதையே திரும்பப் போடுவதில்தான் பலன்.

கட்டளை விளையாட்டை எப்படி நடத்துவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கிய முறை இது. முதல் நாள் மூன்றே கட்டளை: 'லெவாந்தாதே' (எழுந்திரு), 'சியெந்தாதே' (உட்கார்), 'தோகா லா மேசா' (மேசையைத் தொடு). ஒலியைப் போட்டுவிட்டு முதலில் நீங்களே செய்யுங்கள், மகள் பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. அதன்பின் அவள் மட்டும். பிறகு வரிசையை மாற்றுங்கள். மாற்றவில்லை என்றால் குழந்தை காதால் கேட்காது, அடுத்தது என்ன என்று நினைவில் வைத்தே செய்துவிடும். இரண்டாம் நாள் 'ஆப்ரே லா புவெர்தா' (கதவைத் திற) சேருங்கள், மூன்றாம் நாள் 'ராபிதோ' (வேகமாக), 'தெஸ்பாசியோ' (மெதுவாக). ஐந்தாம் நாள் அவள் உத்தரவு போட வேண்டும், அண்ணன் செய்ய வேண்டும். அண்ணனுக்கு உத்தரவு போடும் வாய்ப்பை எந்தத் தங்கையும் விடமாட்டாள். அதுவரை அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முதல் சில வாரங்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. இதற்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

மேசை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம்முடைய மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை. ஸ்பானிஷில் மேசா, ஆர்மாரியோ. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

மகனுக்கு மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் சின்ன இலக்கணப் பாடம், தினமும் கேட்பது, வாரம் ஒரு நாள் நேரடிப் பேச்சு. இலக்கணத்துக்கு 'கெட்டிங் ஸ்டார்ட்டட் வித் ஸ்பானிஷ்' போன்ற ஒன்று போதும். ஒரு பாடத்துக்கு ஒரே விஷயம், கீழே பயிற்சி, பின்பக்கம் விடை, இணையத்தில் இலவச ஒலி. பார்ப்பதற்கு வறட்சியாக இருக்கும், ஆனால் ஸ்பானிஷ் தெரியாத வீட்டில் நடத்த முடிகிறது. கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ்ஸின் 'ஸ்பானிஷ் ஃபார் சில்ட்ரன்' நான்காம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. நன்றாகக் கட்டமைத்த புத்தகம்தான், ஆனால் அட்டவணை மனப்பாடம் அதிகம். எழுதி எழுதிப் படிக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு எடுக்கலாம், ஓடியாடும் பிள்ளைக்கு வேண்டாம்.

கேட்பதற்கு 'டிரீமிங் ஸ்பானிஷ்' காணொளிகளில் ஆரம்ப நிலைக்கு உரியவை நன்று. படம் வரைந்து, சைகை காட்டி, மெதுவாகப் பேசுவார்கள். பெரியவர்களை மனதில் வைத்துச் செய்தவை என்பதால் நீங்கள் முன்கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். நேரடிப் பேச்சுக்கு, ஆன்லைனில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. குவாத்தமாலாவிலிருந்து பாடம் நடத்துபவர்கள் பலர். உங்கள் பட்ஜெட்டில் எதையாவது குறைக்க வேண்டியிருந்தால் புத்தகத்தில் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள். ஆசிரியரிடம் முதல் வகுப்பிலேயே, 'எங்கள் புத்தகத்தில் இந்தப் பாடத்தில் இருக்கிறோம், இதில் வந்த சொற்களைக் கொண்டே பேசுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் பாடத்திட்டத்தைத் தொடங்குவார், பையன் இரண்டு படகில் கால் வைத்தவன் ஆகிவிடுவான்.

எதை வாங்கினாலும் மாதிரிப் பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். முதல் பாடம் எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும், நடுவில் ஒரு பாடத்தைத் திறங்கள். மூன்றாம் பாடத்தில் வந்த சொற்கள் அங்கே மறுபடி வருகின்றனவா? வரவில்லை என்றால் பிள்ளை மறப்பதற்குப் புத்தகமே வழி செய்கிறது. ஒவ்வோர் உரையாடலுக்கும் தாய்மொழியாகப் பேசுபவரின் ஒலிப்பதிவு உண்டா? 'உச்சரிப்பு வழிகாட்டி' என்று ஆங்கில எழுத்தில் மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். எழுதி நிரப்பும் ஒர்க் புக்கா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வாங்க வேண்டிவரும்.

பழைய புத்தகம் வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை: எழுத்துகளின் பட்டியலை எண்ணுங்கள். ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் 2010இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தின்படி ஸ்பானிஷுக்கு 27 எழுத்து. இரட்டை எழுத்துகளான 'சே', 'எல்யே' இரண்டையும் தனி எழுத்தாகச் சேர்த்து 29 என்று போட்டிருந்தால் புத்தகம் அதற்கு முந்தையது. அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம், விலையைப் பேசலாம்.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதையும் கவனியுங்கள். டெக்சாஸில் காதில் விழுவது பெரும்பாலும் மெக்சிகோ பேச்சு. ஸ்பெயின் புத்தகத்தில் 'வோசோத்ரோஸ்' என்று நெருங்கியவர்களைப் பன்மையில் அழைக்கும் வடிவத்துக்கு ஒரு முழு வரிசை விகுதி இருக்கும், மெக்சிகோவில் அது புழக்கத்தில் இல்லை. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சொல்லும் 'கோஹெர்' என்ற வினை மெக்சிகோவில் கெட்ட வார்த்தை. பையன் அங்கே 'தோமார்' என்றே சொல்லட்டும்.

இனி உங்களுக்குச் சாதகமான விஷயம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் திணறும் பல இடங்கள் சுலபம். அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிரொலிகள் அப்படியே அங்கும் உண்டு. நீ, நீங்கள் வித்தியாசம் 'தூ', 'உஸ்தெத்' என்று வருகிறது. 'மே குஸ்தா' என்பதை ஆங்கிலப் பிள்ளைக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டும், நம் பிள்ளைக்கு 'எனக்குப் பிடிக்கும்' என்று ஒரு வரி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: பிடித்த பொருள் பலவானால் 'குஸ்தான்' என்று மாறும், நம் 'பிடிக்கும்' மாறாது. ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினை. 'அவர் டாக்டர்' என்று நாம் வினையே இல்லாமல் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் 'செர்', 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'டீ சூடாக இருக்கிறது' என்னும் இடங்களில் 'எஸ்தார்'. இது தொடக்கத்துக்கு நல்ல கைத்தடி. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதில் உதவாது, அங்கே 'செர்' வரும், ஏனென்றால் உயரம் அவளுடைய இயல்பு.

பொறி எங்கே என்றால், அம்மா தன் வசதிக்காக ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைப்பதில். 'எவ்வளவு' என்பதும் 'எப்போது' என்பதும் தமிழில் எழுதினால் இரண்டும் 'குவாந்தோ'தான். நமக்கு 'ந்'துக்குப் பின்னால் 'த' தானாக மெலிந்துவிடும். ஸ்பானிஷில் முதல் சொல்லில் அது வலிந்தே நிற்க வேண்டும். அதேபோல் பணமும் முத்தமும் நம் எழுத்தில் ஒரே 'பெசோ'. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறோம். வீட்டில் ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதி ஒலியைக் கேளுங்கள். வயது சொல்லும்போது வரும் 'அஞோ' (ஆண்டு) என்ற சொல்லில் 'ஞ' ஒலிக்கான எழுத்தின் தலைமேல் உள்ள சுழியைக் கட்டாயம் போடப் பழக்குங்கள். அது விழுந்தால் 'எனக்கு 7 வயது' என்பது 'எனக்கு 7 ஆசனவாய்' ஆகிவிடும்.

தொய்வு எப்போது வரும் என்று தெரிந்தால் பயப்பட மாட்டீர்கள். நிகழ்காலம் முடிந்து இறந்தகாலம் தொடங்கும்போது வரும். ஸ்பானிஷில் முடிந்த செயலுக்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்ததற்கு வேறு வடிவம். போதாததற்கு அடிக்கடி வரும் வினைகள்தான் விதியை மீறும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் 'பாடத்திட்டம் சரியில்லை' என்று புதியது வாங்குகிறார்கள். புதியது மறுபடி வணக்கம், நிறம், எண் என்று தொடங்கும். பிள்ளை மூன்று ஆண்டாக நிறங்களையே படித்துக்கொண்டிருக்கும். அங்கே செய்ய வேண்டியது, புதிய பாடத்தை மூன்று வாரம் நிறுத்தி, எளிய கதைகளை மட்டும் படித்துக் கேட்பது. பக்கத்துப் பொது நூலகத்தில் ஸ்பானிஷ் குழந்தைகள் புத்தகம் கிடைக்கும். பல நூலகங்கள் 'மேங்கோ லாங்குவேஜஸ்' போன்ற இணையப் பாடங்களையும் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகின்றன.

கிரெடிட்டுக்கு வருவோம். ஒரு கிரெடிட்டுக்கு 120 மணி நேரம் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. தினம் 40 நிமிடம், வாரம் 5 நாள், 36 வாரம் சேர்ந்தால் சரியாக அவ்வளவு வரும். மகன் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து தேதி, நேரம், பாடம் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். வெளிச்சான்று வேண்டுமென்றால் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தேஸ் நடத்தும் 'தெலே' என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வில் 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கென்றே தனி வினாத்தாள் உண்டு. கல்லூரி கிரெடிட்டுக்கு, வகுப்பில் உட்காராமல் தேர்வெழுதியே கிரெடிட் பெற உதவும் 'கிளெப்' ஸ்பானிஷ் தேர்வு: 50 மதிப்பெண் முதல் நிலைக்கு, 63 இரண்டாம் நிலைக்கு என்பது பொதுப் பரிந்துரை. சேரப்போகும் கல்லூரி எவ்வளவு கேட்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பானிஷால் போகாது. தமிழில் பேசும் நேரத்தை எடுத்து ஸ்பானிஷுக்குக் கொடுத்தால் போகும். ஸ்பானிஷ் நேரத்தை ஆங்கிலக் காணொளி பார்க்கும் நேரத்திலிருந்து எடுங்கள், சாப்பாட்டு மேசைப் பேச்சைத் தமிழுக்கே விடுங்கள்.

ஆறாவது வாரக் கடைசியில் அதே கடைக்குப் போங்கள். 'மே யாமோ' என்று தொடங்கித் தன் பேரையும், பின்னாலேயே வயதையும் சொல்ல மகனுக்கு முந்தின நாள் மட்டும் பயிற்சி கொடுங்கள், இரண்டே வாக்கியம். சொன்னான் என்றால் ஆசிரியர் வகுப்பைத் தொடருங்கள். சொல்லவில்லை என்றால் புத்தகத்தை மாற்றாமல் வகுப்பை வாரம் இரண்டாக்குங்கள்.