நாயின் முழங்கால் சவ்வு கிழிந்தால்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை அறுவை மருத்துவரின் பதில்கள்

எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது, எடை 36 கிலோ. பந்தைத் துரத்தும்போது கத்திவிட்டுப் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சவ்வு கிழிந்திருக்கிறது, எலும்பை வெட்டித் தகடு வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். முறியாத எலும்பை ஏன் வெட்ட வேண்டும்?
– வாசகர், அழகாபுரம், சேலம்

சவ்வு என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைக்கும் நார். அது எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டுக்குள் நீர் கோத்திருப்பது போன்ற அறிகுறிகளே தெரியும். கிழிசலை நாங்கள் கையால்தான் உறுதி செய்கிறோம். நாயை மயக்கத்தில் படுக்கவைத்து, தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை மறு கையிலும் பிடித்துத் தள்ளினால், மேசை இழுப்பறை திறப்பதுபோலக் கீழ் எலும்பு முன்னால் நழுவி வரும். நல்ல மூட்டில் அந்த நழுவல் இருக்காது.

நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல், சராசரியாக 25 டிகிரி அளவுக்குப் பின்பக்கம் சரிந்திருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையில் நிறுத்திய வண்டிக்குச் சக்கரத்தடியில் கல் வைப்பதுபோல, தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் இறங்கிவிடாமல் தடுப்பது இந்தச் சவ்வுதான். அது அறுந்தபின் ஒவ்வொரு அடியிலும் மூட்டு நழுவி, உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டையும் நசுக்குகிறது. அறுந்த முனைகள் நைந்துபோயிருப்பதால் அவற்றைச் சேர்த்துத் தைப்பதில் பயனில்லை. அதனால் 1993-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்ளே ஸ்லோக்கம் வெளியிட்ட டி.பி.எல்.ஓ. முறையில், கல்லைத் தேடாமல் சாலையையே மட்டமாக்குகிறோம். எலும்பின் மேல்பகுதியை வில்போல வெட்டிச் சுழற்றி, சரிவை ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கொண்டுவந்து, தகடும் திருகும் வைத்துப் பிடிக்கிறோம்.

சூரிச்சில் உருவான டி.டி.ஏ. முறையும் எலும்பை வெட்டுவதுதான். ஆனால் அதில் முழங்கால் சில்லின் நார் வந்து சேரும் முன்விளிம்பை முன்னால் நகர்த்தி, நாரின் இழுவிசையைத் திருப்புகிறார்கள். மூன்றாவது முறையில் மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைக் கட்டுகிறோம். சில மாதங்களில் இழை தளர்ந்துவிடும் என்றாலும், அதற்குள் மூட்டைச் சுற்றி வளரும் தழும்புத் திசு அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. செலவும் குறைவு, கருவிகளும் எளியவை. ஆனால் 36 கிலோ எடையுள்ள, ஓடியாடும் நாய்க்கு இழை தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் நாய்க்கு நான் டி.பி.எல்.ஓ.வையே சொல்வேன், அதை அடிக்கடி செய்து பழகியவர் கிடைத்தால். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை வேப்பேரிக் கல்லூரியிலோ கேட்கும்போது, குறிப்பிட்ட முறைக்கான கருவிகள் இப்போது இருக்கின்றனவா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கள் பொமரேனியன் 7 கிலோ. இரண்டு வாரம் கட்டிப்போட்டதில் நொண்டல் குறைந்திருக்கிறது. அறுவை வேண்டுமா?
– வாசகி, ஓமலூர்

உடனே வேண்டாம். 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் பல, ஆறு முதல் எட்டு வாரக் கட்டாய ஓய்விலும் எடைக் குறைப்பிலும் தேறிவிடுகின்றன. அதன் பின்னும் காலை ஊன்றாமல் இருந்தாலோ, நடக்கும்போது மூட்டில் 'களுக்' என்று சத்தம் கேட்டாலோ, மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகித்து அழைத்து வாருங்கள்.

வலிக்கு வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

தயவுசெய்து கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறுப்பாக மலம் போவதைப் பார்த்த பிறகு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மாத்திரை அட்டையைத்தான். நாய்க்கென்று எடைக்கேற்ப எழுதப்படும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென் போதும், அதையும் ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மறு காலும் கிழியுமா?
– வாசகி, மேட்டூர்

கிழியக்கூடும். பெரும்பாலான நாய்களில் சவ்வு ஒரே நாளில் அறுவதில்லை. பல மாதங்களாக இழை இழையாக நைந்து, நாய் ஓடும்போது கடைசி இழை அறுகிறது. அதே தேய்மானம் மறு காலிலும் நடப்பதால், ஏறக்குறைய பாதி நாய்களில் அந்தக் காலும் பின்னால் பாதிக்கப்படுகிறது. எடையைக் குறைப்பதும், வழுக்கும் டைல்ஸ் தரையில் சணல் விரிப்பு போடுவதும் உங்கள் கையில் இருக்கும் தற்காப்புகள்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டைச் சுற்றிலும் சரிவும் படிகளும்தான். தகடு வைத்த பின் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகர், நாகலூர்

உங்களைப் போன்ற வீடொன்றில் இருந்து வந்த நாய்க்கு நான் இழைக் கட்டு போட்டேன். படிகளைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். ஐந்தாம் வாரம் அது ஜீப்பில் இருந்து தானாகக் குதித்தது, இழை அறுந்தது, மறுபடி மேசையில் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வீட்டின் வரைபடத்தைக் கேட்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

வெட்டிய எலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கான கூண்டில் வையுங்கள். சிறுநீருக்கும் மலத்துக்கும் மட்டும், சிறு கயிற்றில் பிடித்துக் காபி உலர்த்தும் களம் போன்ற சமதரையில் நடத்துங்கள். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கினால் வழுக்காது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நாய் நன்றாக ஊன்றத் தொடங்கி, அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சும். இடர் மிகுந்த காலம் அதுதான். எட்டாவது வார எக்ஸ்ரேயில் வெட்டுக்கோடு மறைந்திருப்பதை மருத்துவர் பார்க்கும்வரை, ஜீப்பில் ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் கைகளில் தூக்கித்தான்.