குவாரியில் வேலை தொடங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? கேள்விகளும் பதில்களும்

கருங்கல் குவாரிகளில் மேட் (ஆட்களின் வேலையை நேரில் மேற்பார்ப்பவர்), அவருக்கு மேல் போர்மேன், அப்புறம் பாதுகாப்பு அலுவலர் என்று வேலை பார்த்தவன் நான். வேலைக்கு முன் ஆபத்தைக் கணிக்கும் ஜே.எஸ்.ஏ. பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (புதிதாக மேட் ஆனவர், கரூர்): அண்ணா, தினமும் காலையில் ஜே.எஸ்.ஏ. ஃபாரம் நிரப்பச் சொல்கிறார்கள். நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன். இதனால் என்ன பயன்?

பதில்: நேற்று எழுதியதையே எழுதினால் ஒரு பயனும் இல்லை, தம்பி. ஆபீசில் உட்கார்ந்து நிரப்பினால் அப்படித்தான் ஆகும். ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதலில் பெஞ்சுக்கு, அதாவது படிக்கட்டு மாதிரி பாறையை வெட்டி இறங்கும் வேலைத்தளத்துக்கு, போங்கள். நேற்று சாயங்காலம் விட்டுப்போன இடத்துக்கும் இன்று காலைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். மழை பெய்ததா, நேற்று வெடி போட்டார்களா, ஆள் மாறியிருக்கிறதா, மேல் பெஞ்சில் வேறு வேலை நடக்கிறதா? நீங்கள் எழுத வேண்டியதில் பாதி இந்த மாற்றத்தில்தான் இருக்கும்.

அப்புறம் வேலையைப் படிகளாகப் பிரியுங்கள். 'டிரில்லிங்' என்று ஒரே வரியில் எழுதினால் அதில் எதுவும் தெரியாது. கம்ப்ரசரை இழுத்து நிறுத்துவது, ஓஸ் மாட்டுவது, வெடிக்குழிக்குக் குறி போடுவது, ஜாக்கேமரைப் (பாறையில் துளை போடும் கைக்கருவி) பிடித்து ஓட்டுவது, அதன் டிரில் கம்பியை உருவுவது என்று பிரித்தால்தான் ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆபத்து கண்ணில் படும். ஓஸ் மாட்டும்போது இணைப்பு கழன்றால் காற்றழுத்தத்தில் ஓஸ் சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும். அதற்குக் கட்டுக்கம்பியை நம்பாமல் சரியான கிளாம்பும் பாதுகாப்புச் சங்கிலியும் போட வேண்டும். 'கவனமாக வேலை செய்யவும்' என்று எழுதுவது கட்டுப்பாடு ஆகாது. யார், எதை, எப்போது செய்வார் என்று எழுதினால்தான் அது கட்டுப்பாடு.

ஃபாரம் நிரப்பும்போது ஜாக்கேமர் பிடிப்பவர் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது.

கேள்வி (டிரில்லர், நாமக்கல்): ராத்திரி நல்ல மழை. காலையில் வெயில் அடிக்கிறது, பாறை காய்ந்துவிட்டது. வேலை ஆரம்பிக்கலாமா?

பதில்: மேற்பரப்பு காய்ந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாறையின் பிளவுகளில் இறங்கிய தண்ணீர் உள்ளேதான் நிற்கிறது. பிளவில் இருக்கும் களிமண் ஊறி வழுக்கும், தண்ணீரின் அழுத்தமும் கல்லை வெளியே தள்ளும். மழை நின்று பல மணி நேரம் கழித்துக் கல் விழுவது இதனால்தான்.

முதலில் பெஞ்சின் மேல் விளிம்புக்குப் பின்னால் உள்ள தரையில் நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாகப் புதுப் பிளவு தெரிந்தால் கீழே ஒருவரும் போகக் கூடாது. போர்மேனைக் கூப்பிடுங்கள். முகப்பில், அதாவது வெட்டி நிற்கும் பாறைச் சுவரில், புதிதாக நீர் கசிகிறதா, அடியில் புதுச் சில்லுகள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். அடியில் சில்லு கிடந்தால் மேலே எதுவோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது. உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும், கையில் அதிர்வு தெரியும். விட்டுப்போன கல் 'டொப்' என்று மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். லூஸ் கல்லை மேலிருந்து கீழாக, பக்கவாட்டில் நின்று நெம்பித் தள்ள வேண்டும். நேர் கீழே நிற்கக் கூடாது. தள்ளுகிறவர் 1.8 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் நின்றால் பெல்ட்டும் கயிறும் கட்டாயம். அந்தக் கயிற்றை லூஸ் கல்லிலேயே கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொக்லைன் கைக்கு எட்டும் உயரம் என்றால் ஆளை ஏற்றவே வேண்டாம், வாளியாலேயே தட்டி இறக்கிவிடலாம்.

கேள்வி (குவாரி குத்தகைதாரர்): பெஞ்ச் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலமும் அதே அளவு வேண்டும் என்கிறீர்கள். அப்படி விட்டால் பாதிக் கல் சுவரிலேயே நின்றுவிடுமே?

பதில்: ஐயா, நான் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. கெட்டியான பாறையில் பெஞ்ச் உயரம் 6 மீட்டருக்குள், அகலம் உயரத்துக்குக் குறையாமல். மண், கிராவல் என்றால் 1.5 மீட்டர்தான், அல்லது 45 டிகிரிக்கு மிகாத சரிவு. இயந்திரத்துக்கு ஏற்ப உயரம் கூட்ட வேண்டுமானால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தில் அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. கேட்காமல் செங்குத்தாக இறங்குவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள், 4 பேர் இறந்தார்கள். பெஞ்ச் இருந்தால் மேலிருந்து விழும் கல் அங்கேயே தங்கிவிடும். செங்குத்துச் சுவருக்குக் கீழே நிற்பவரை எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. சுவரில் நிற்கும் கல்லின் விலையை மட்டும் போடாதீர்கள். விபத்து நடந்து குவாரி மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (வெடி வைக்கும் பிளாஸ்டருக்கு உதவியாளர், வேலூர் பக்கம்): போன வெடியின் அடிக்குழி பாதி மிச்சம் இருக்கிறது. அதிலேயே ஜாக்கேமரை வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் மேஸ்திரி.

பதில்: கூடவே கூடாது. அந்தக் குழியின் அடியில் வெடிக்காத வெடிமருந்தோ, அதைக் கிளப்பும் டெட்டனேட்டரோ இருக்கலாம். கம்பி இறங்கி இடித்த அடியில் வெடிக்கும், பிடித்திருப்பவர் அதன் மேல்தான் குனிந்து நிற்கிறார். டிரில்லிங் தொடங்கும் முன் முகப்பைக் கழுவி, பழைய குழி ஒவ்வொன்றையும் தேடி, மரக்குச்சி செருகி அடையாளம் வையுங்கள். புதுக் குழி குறைந்தது 30 செ.மீ. தள்ளி, பழைய குழியை நோக்கிச் சாயாமல் போக வேண்டும். கல்தூள் மூடியிருந்தால் குழி தெரியாது. அதனால்தான் கழுவச் சொல்கிறேன். மேஸ்திரி அவசரப்படுத்தினால் மேட்டிடம் சொல்லுங்கள். நிறுத்துவது மேட்டின் கடமை.

கேள்வி (அதே நண்பர்): வெடி வைத்த பின் எப்போது உள்ளே போகலாம்?

பதில்: திரி வெடி என்றால் சத்தங்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால், அல்லது இருவர் கணக்கும் ஒத்துவராவிட்டால், வெடிக்காத குழி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு குறைந்தது அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது. பிறகும் பிளாஸ்டர்தான் முதலில் போக வேண்டும். ஆபத்து வளையம் 500 மீட்டர். அதற்குள் ஆடு மேய்ப்பவர், பக்கத்துக் காட்டில் களை எடுப்பவர் எல்லாரும் அடக்கம். சைரன் ஊதினோம் என்பது போதாது, ஒவ்வொரு வழியிலும் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். மருந்து ஏற்றும்போது இடி கேட்டால் அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள். மின் டெட்டனேட்டர் இல்லை, மின்சாரம் இல்லாத நானல் (Nonel) வகைதானே என்று இருந்துவிடாதீர்கள். மின்னல் இரண்டையும் வெடிக்க வைக்கும்.

கேள்வி (டிப்ளமோ மாணவி): சார், விளைவு × வெளிப்பாடு × சாத்தியம் என்று பெருக்கி மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். எண்ணைக் குறைத்துக் காட்டினால் ஆபத்து குறைந்ததாக ஆகுமா?

பதில்: ஆகாதும்மா. எதை முதலில் சரி செய்வது என்று வரிசைப்படுத்தத்தான் அந்த எண். ஹெல்மெட் கொடுத்துவிட்டோம் என்று சாத்தியத்தைக் குறைத்துப் போடுவது பொய்க்கணக்கு. கல் விழும் சாத்தியம் ஹெல்மெட்டால் மாறவில்லையே. ஆபத்தையே அகற்ற முடியுமா, பாதுகாப்பான வேறு முறை உண்டா, இயந்திரமோ தடுப்போ வைக்கலாமா என்று கேட்டு, பிறகு விதிமுறை, பயிற்சி. ஹெல்மெட்டும் பூட்ஸும் கடைசி.

கேள்வி (டிரில்லரின் மனைவி): தூசிக்கு முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறார். போதுமா?

பதில்: போதாதும்மா. நுரையீரலில் போய்த் தங்கும் சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாத அளவு பொடி, துண்டின் நெசவு வழியாக உள்ளே போய்விடும். அதனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணமாக்கும் மருந்து கிடையாது. இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது. தண்ணீர் விட்டு டிரில் செய்தால் தூசி பிறக்கும் இடத்திலேயே அடங்கிவிடும். அதற்குத் தொட்டியும் ஓஸும் வேண்டும், அவ்வளவுதான். துகள் வடிகட்டும் முகக்கவசம் அதற்கு மேல் கூடுதலாக. வேலையில் சேரும்போதும், பிறகு 5 ஆண்டுக்குள் ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள், அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி (கிரஷர் ஆபரேட்டர், திருப்பூர்): பெல்ட்டில் கல் சிக்கினால் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறோம். அப்புறமும் ஆபத்தா?

பதில்: நிறுத்தியது யார், திரும்பப் போடுவது யார்? நீங்கள் ரோலரில் கை வைத்திருக்கும்போது பேனல் ரூமில் இருப்பவர் ஸ்விட்சைப் போட்டால் முடிந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் ஐசோலேட்டரை இறக்கி, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வையுங்கள். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஆள் இல்லாத பேனலில் தொங்கும் 'வேலை நடக்கிறது' அட்டையை யார் வேண்டுமானாலும் கழற்றலாம்.

கேள்வி (டிப்பர் ஓட்டுநர்): கழிவுக் கல் கொட்டும் விளிம்பில் மண் மேடு எவ்வளவு உயரம் வேண்டும்?

பதில்: அமெரிக்கச் சுரங்க விதி பெரிய வண்டியின் அச்சு உயரமாவது கேட்கிறது. நான் டயர் உயரம் கேட்பேன். ஆனால் மேட்டை முட்டி நிறுத்தலாம் என்று பின்னால் வராதீர்கள். அது விளிம்பைக் காட்டத்தான் இருக்கிறது, பிரேக்குக்குப் பதில் அல்ல. விளிம்பில் பிளவு தெரிந்தாலோ மழை பெய்திருந்தாலோ உள்ளே தள்ளிக் கொட்டுங்கள், டோசர் தள்ளிக்கொள்ளும்.

கேள்வி (கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பத்தவர்): தாத்தா காலத்துச் சுரங்கத்தில் பாறை வெடிக்கும் என்பார்கள். திறந்த குவாரியில் அது உண்டா?

பதில்: அது அழுத்தத்தால் வரும் பாறை வெடிப்பு. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அந்த ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை முழுவதும் சுவரில் ஏறும். நம் குவாரிகளில் அந்த அளவுக்குக் கிடையாது.

கேள்வி (போர்மேன், கிருஷ்ணகிரி): எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட். தமிழில் சொன்னால் தலையாட்டுகிறார்கள், புரிகிறதா தெரியவில்லை.

பதில்: தலையாட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'எந்தப் பக்கம் ஓடுவாய், காட்டு' என்று கேளுங்கள். நடந்து காட்டட்டும். ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்து ஃபாரத்தைப் பெஞ்சில் நின்றபடி வாசிக்கச் சொல்லுங்கள், படமும் வரைந்து ஒட்டுங்கள். 'நில்', 'ஓடு', 'வெடி' ஆகிய மூன்று சொற்களை அவர்கள் மொழியில் நீங்களும், தமிழில் அவர்களும் கற்றுக்கொண்டால் முதல் நாளுக்கு அது போதும். சைரன் சைகை ஒவ்வொன்றையும் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஊதிக் காட்டுங்கள். கையெழுத்து வாங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.