முத்திரையைப் படித்த பிறகே கவுன்டரை விட்டு நகருங்கள்

தம்பி, மலேசியாவில் இருந்தபடி தாய்லாந்தின் டி.டி.வி. விசாவுக்கு (வெளிநாட்டு வேலையை அங்கே இருந்தபடி செய்பவர்களுக்கும் மற்றவர்களுக்குமான நீண்ட கால விசா) விண்ணப்பித்ததாகவும், ஒப்புதல் மின்னஞ்சலில் வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பினாங்கிலிருந்து தரைவழியாகத் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் போய் அந்த விசாவைத் தொடங்கிவைக்க எந்த எல்லைச் சாவடி நல்லது, ஹாட்யாயில் வாடகை எவ்வளவு, இணைய வேகம் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பின்னால் உள்ள மூன்றுக்கும் ஊரில் இரண்டு நாள் தங்கினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். அதில் நான் அடிபட்டவன்.

விசா கிடைப்பதும் தங்க அனுமதி கிடைப்பதும் இரண்டு வேறு காரியங்கள். டி.டி.வி. 2024 ஜூலையில் வந்தது. ஐந்தாண்டு செல்லும், நுழையும் ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை தங்கலாம். அந்த 180 நாள் உங்கள் கைக்கு வருவது எல்லையில் விழும் முத்திரையில்தான். இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கும் சலுகையும் அதே 2024 ஜூலையில் வந்ததை நினைவில் வையுங்கள். இப்போதைய விசா மின்னணு விசா. பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டிய தாள் எதுவும் கிடையாது. நீங்கள் வாயைத் திறக்காமல் வெறும் பாஸ்போர்ட்டை நீட்டினால், நாளுக்கு ஆயிரக்கணக்கான பாஸ்போர்ட்டுகளைப் பார்க்கும் அதிகாரி உங்களையும் விசா இல்லாமல் வரும் ஒரு சுற்றுலாப் பயணியாக நினைத்து அவர்களுக்குரிய குறைந்த நாளைக் குத்திவிட வாய்ப்பு உண்டு. அப்படிக் குத்திவிட்டால் ஐந்தாண்டு விசா தொடப்படாமல் கிடக்கும், நீங்கள் விருந்தாளியாகத்தான் உள்ளே இருப்பீர்கள். மறுபடி நாட்டை விட்டு வெளியேறி வந்தால்தான் அது சரியாகும்.

இது எனக்கு நடந்தது 2012இல். அப்போது டி.டி.வி. இல்லை, மின்னணு விசா இல்லை. பாங்காக்கில் ஒரு ரத்தினக்கல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. அதற்கான 'நான்-பி' என்ற வேலை விசாவைப் பினாங்கில் வாங்கி, பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வேனில் ஏறினேன். அதே பாஸ்போர்ட்டில் முன்பு வாங்கிய சுற்றுலா விசா ஒன்றும் இருந்தது. இருமுறை நுழையும் விசா அது, ஒரு முறை பாக்கி. புக்கிட் காயு ஹித்தாமில் மலேசியப் பக்கத்தைக் கடந்து தாய்லாந்துப் பக்கத்துச் சாடாவ் சாவடிக்கு வந்தபோது, வேன்காரரின் உதவியாள் எல்லோருடைய வருகை அட்டையையும் தானே நிரப்பித் தந்தார். டி.எம். 6 என்ற காகித அட்டை இருந்த காலம். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் முதலில் கண்ணில் பட்ட விசா எண்ணை எழுதிவிட்டார். அது சுற்றுலா விசாவின் எண். அதிகாரி அட்டையைப் பார்த்தார், அந்த விசாவைப் பார்த்தார், 60 நாளுக்கு முத்திரை குத்தினார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மூன்றாவது வாரம் வேலை அனுமதிக்காகத் தாள்களைச் சேர்த்த நிறுவனத்தின் எழுத்தர் அந்தப் பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். சுற்றுலா முத்திரையில் வேலை அனுமதி கிடையாது. அனுமதி இல்லாமல் நாற்காலியில் உட்காரக்கூட விடமாட்டோம் என்றார்கள், அதில் தவறில்லை. ஒரு மாதச் சம்பளம் போயிற்று. மலேசியாவுக்கே திரும்பிப் போகலாம் என்றால், இந்தியருக்கு அப்போது மலேசியாவுக்கும் விசா வேண்டும். என்னுடையது ஒரு முறை நுழையும் விசா, அது தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் இரவு ரயிலேறி 600 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே நோங்காய் போனேன். மேகாங் ஆற்றின்மேல் 1994இல் திறந்த நட்புறவுப் பாலத்தைப் பஸ்ஸில் கடந்து, லாவோஸ் பக்கத்தில் வருகை விசாவுக்குப் பணம் கட்டி உள்ளே போய், அன்று மாலையே திரும்பினேன். இந்த முறை நான்-பி விசா இருந்த பக்கத்தை விரலால் பிரித்துப் பிடித்தபடி நீட்டினேன். கவுன்டரில் இருந்த அம்மையார் இரண்டு விசாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. வேலை, வேலை என்று தாய் மொழியில் தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சிரித்து, 90 நாளுக்கு முத்திரை குத்தி, தேதியின்மேல் பேனாவை வைத்துக் காட்டினார். பாங்காக் திரும்பிய வாரமே தாய் எழுத்து படிக்க உட்கார்ந்தேன். இன்று அந்த மொழியில் வாடகை ஒப்பந்தத்தை நானே படிக்கிறேன். இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இனி உங்கள் பயணம். என்னைக் கேட்டால் ரயிலில் போங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்கு மின்ரயில் போகிறது. அங்கே மலேசிய இமிக்ரேஷனும் தாய்லாந்து இமிக்ரேஷனும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள் இருக்கின்றன. இங்கே வெளியேறும் முத்திரை, சில அடி தள்ளி அங்கே நுழையும் முத்திரை. அதன்பின் ஹாட்யாய் ரயில். நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, ஆகவே நேரம் பார்த்துக் கிளம்புங்கள். தாய்லாந்து கடிகாரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதையும் கணக்கில் வையுங்கள். கவுன்டரில் நிதானமாக நின்று பேச முடிவது இந்த வழியில் உள்ள பெரிய நன்மை. வேனில் போனால் மற்ற பத்துப் பேரும் உங்களுக்காகக் காத்திருக்கும் நெருக்கடி தலையில் ஏறிவிடும்.

வேன்தான் என்றால் வெள்ளி, சனி, மலேசியப் பள்ளி விடுமுறை, ஏப்ரல் நடுவில் வரும் தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான் ஆகிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். ஹாட்யாய்க்குச் சாப்பிடவும் கடைவீதி சுற்றவும் மலேசியர்கள் திரண்டு வரும் நாள்கள் அவை. செவ்வாய் அல்லது புதன் காலையில் போங்கள். கிழக்கே சுங்கை கோலோக் வழியும் உண்டு, ஆனால் அது 2004 முதல் கலவரம் ஓயாத நாராதிவாட் மாகாணத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

2025 மே முதல் தேதியிலிருந்து காகித அட்டைக்குப் பதில் டி.டி.ஏ.சி. என்ற மின்னணு வருகை அட்டை வந்திருக்கிறது. வருவதற்கு முன்னுள்ள மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். நிரப்பித் தருகிறோம் என்று பணம் பிடுங்கும் போலித் தளங்கள் பெருகிக் கிடக்கின்றன. முகவர் ஒருவரைப் பிடித்துக்கொள் தம்பி என்று உங்களுக்கு நம்மவர்களே சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். பத்தாண்டு இங்கே இருந்தும் ஒரு படிவத்தைத் தன் கையால் நிரப்பாதவர்களை எனக்குத் தெரியும். தாங்கள் நிரப்பாத தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவர்கள் வாழ்கிறார்கள். என் முத்திரை தவறியதும் மற்றொருவர் நிரப்பிய அட்டையால்தான். உங்கள் விசா எண்ணை உங்கள் விரலே தட்டட்டும்.

விசா ஒப்புதலைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு படி வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையை நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டின்மேல் அந்தத் தாளை வைத்துச் சேர்த்தே நீட்டி, "டி.டி.வி." என்று தெளிவாகச் சொல்லுங்கள். தங்கும் இடத்தின் பதிவும், கேட்டால் காட்டச் செலவுப் பணமும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் அங்கேயே நின்று மூன்றைப் படியுங்கள்: நுழைந்த தேதி, எதுவரை தங்கலாம் என்ற தேதி, விசா வகை. நுழையும் நாளும் 180இல் ஒன்றாக எண்ணப்படும். தேதி தவறென்றால் வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளித்தாலும் நகராதீர்கள். அந்த இடத்தில் பணிவாகச் சொன்னால் மேலதிகாரியை அழைத்துத் திருத்த முடியும். நகருக்குள் போன பிறகு அது வேறொரு அலுவலகத்தின் வேலையாகிவிடும். நான் 2012இல் ஏறி இறங்கிய அலுவலகத்தில் கிடைத்த பதில், முத்திரை இட்ட சாவடிக்குப் போ என்பதுதான்.

180 நாள் முடிந்ததும் எல்லைக்குப் போய்க் காலையில் வெளியேறி மாலையில் திரும்பிவிடலாம், வாழ்நாள் முழுக்க அப்படியே ஓட்டலாம் என்று பேசும் கூட்டம் ஒன்று உண்டு. விசா செல்லும் ஐந்தாண்டுக்கு அது இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் ஒரே காலண்டர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் வரிக்கணக்கில் நீங்கள் இந்நாட்டுவாசி. 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டில் ஈட்டி இங்கே கொண்டுவரும் வருமானமும் அந்தக் கணக்கில் வருகிறது. இதைச் சொன்னால் அந்தக் கூட்டத்தார் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லட்டும், நான் வரி கட்டுகிறேன். உள்ளூர் நிறுவனத்துக்கு வேலை செய்ய டி.டி.வி.யில் இடமில்லை என்பதையும் அவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

வாடகை பற்றிக் கேட்டீர்களே, தொகையைச் சொல்லவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு டி.எம். 30 என்று பெயர். பின்னால் 90 நாளுக்கு ஒருமுறை நீங்கள் முகவரியைத் தெரிவிக்கப் போகும்போது அந்த ரசீதைக் கேட்கக்கூடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். தரமாட்டேன் என்பவரின் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.