மானியம் இருந்தும் பெண் சிறுவிவசாயிகளுக்குச் சோலார் பம்ப்செட் ஏன் எட்டுவதில்லை?

மானியத்தை உயர்த்தினால் பெண் சிறுவிவசாயிகளும் சோலார் பம்ப்செட் வாங்கிவிடுவார்களா, தனியாக வாங்க இயலாதவர்கள் குழுவாகச் சேர்ந்து வாங்குவது சரிப்பட்டு வருமா என்று இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். பெண்கள் நடத்தும் பாசனக் குழுக்களுடன் சில காலம் வேலை செய்தவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். விலை ஒரு தடைதான். ஆனால் விலையைப் பற்றி யோசிக்க வேண்டிய இடத்துக்கே பல பெண்கள் வந்து சேருவதில்லை. விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறது. இந்தியாவை எடுத்துக்கொண்டால், கிராமப்புறத்தில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பெயரில் பதிவான சாகுபடி நிலங்களின் எண்ணிக்கை சுமார் 14 சதவீதம் மட்டுமே. 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் என்ற மத்திய அரசின் சோலார் பம்ப் மானியத் திட்டத்தில், தனித்து இயங்கும் சோலார் பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் ஏற்க, மீதியை விவசாயி தன் கையிலிருந்தோ வங்கிக் கடனாகவோ போட வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. பத்திரம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, வயலில் வேலை முழுவதையும் தானே பார்க்கும் பெண்ணுக்கும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடும் பெண்ணுக்கும் அந்த 60 சதவீதத்தை 100 ஆக்கினாலும் பயன் கிடையாது. ஏனென்றால் விண்ணப்பதாரராகவே அவர்கள் கணக்கில் வருவதில்லை. கடனுக்கு ஈடு கேட்கும் வங்கியிலும் இதே கதைதான்.

நேபாளத்தின் சப்தரி மாவட்டத்தில், மலைப்பகுதி மேம்பாட்டுக்கான பன்னாட்டு அமைப்பான இசிமோட் நடத்திய முன்னோட்டத் திட்டம் இதைச் சற்று மாற்றி யோசித்தது. நிலம் தன் பெயரில் இருக்கும் பெண்ணுக்குப் பம்பின் விலையில் கூடுதலாக 10 சதவீதச் சலுகை கொடுத்தார்கள். அப்போது ஒரு துண்டு நிலத்தையாவது அவள் பெயருக்கு மாற்றுவது குடும்பத்துக்கே லாபமாகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. என்றாலும் குத்தகைக்காரப் பெண்ணை இதுவும் தொடாது.

அடுத்த தடை பம்பின் அளவு. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பெண் பயிரிடும் அரை ஏக்கர் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் சுமார் 10,000 லிட்டர் வேண்டும். அதை 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால், 270 வாட்-மணி மின்சாரம் போதும்; மோட்டாரும் பம்பும் சேர்ந்து, தமக்கு வரும் மின்சாரத்தில் நாற்பது சதவீதத்தையே தண்ணீரை ஏற்றுவதற்குப் பயன்படுத்துகின்றன என்று கொண்டாலும் 700 வாட்-மணிக்குள் அடங்கிவிடும். நல்ல வெயிலடிக்கும் இடத்தில் ஒரேயொரு 200 வாட் பேனல் இதைத் தந்துவிடும். நீர்மட்டம் 30 மீட்டருக்குக் கீழிறங்கினால் மூன்று மடங்கு, அதாவது 600 வாட். ஆனால் மானியப் பட்டியல்களில் பரவலாகக் காணப்படும் 3 எச்.பி. பம்புக்கு ஏறத்தாழ 3,000 வாட் பேனல் தேவைப்படுகிறது. அந்த அளவு பம்புக்கு அவள் கட்ட வேண்டிய பங்குத்தொகையே, அவளுடைய நிலத்துக்குப் போதுமான சிறிய பம்பின் முழு விலையைத் தாண்டிவிடக்கூடும். கென்யாவில் சிறிய சோலார் பம்புகளைத் தவணை முறையில், கைப்பேசி வழியாகப் பணம் கட்டி வாங்கும் வழக்கம் வேரூன்றியிருப்பதற்கு இந்த அளவுப் பொருத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாங்கிய பிறகும் சிக்கல்கள் உண்டு, ஆனால் முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும். விவசாய மின்சாரம் இரவில் மட்டும் வரும் இடங்களில், தனியாக வயலுக்குப் போய் மடை திருப்புவது பெண்களுக்கு எளிதல்ல. தண்ணீர் பாய்ச்சும் வேலையே ஆண்களுடையது என்றாகிவிடுவதற்கு அது முக்கியமான காரணம். சோலார் பம்ப் பகலில் ஓடுவதால் அந்த வேலை அவள் கைக்கு வருகிறது. அதே பகல் நேரத்தில்தான் சமையலும் பிள்ளைகளும் மாடுகளும் அவளுக்காகக் காத்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே பம்போடு கூட ஒரு மேல்நிலைத் தொட்டியையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வெயில் இருக்கும் வரை தொட்டி தானாக நிரம்பட்டும். அவளுக்கு ஒழியும்போது வால்வைத் திறந்தால் சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தண்ணீர் போய்விடும், பேட்டரிச் செலவும் இல்லை.

நான் உடனிருந்த ஒரு குழுவில், நல்ல கோடையில், கன்ட்ரோலர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து மோட்டார் நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. புகார் பதிவு செய்ய ஓடிபி வேண்டும் என்றார்கள். அதுவோ, வாங்கும்போது எண் கொடுத்திருந்த, வெளியூரில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினருடைய மகனின் கைப்பேசிக்குப் போனது. அவர் எடுத்துச் சொல்வதற்குள் வெண்டைச் செடிகள் துவண்டு சாய்ந்துவிட்டன. கடைசியில் பார்த்தால், கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் மோட்டாரை நிறுத்தும் உணரியின் (சென்சார்) ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். பம்ப் யார் பெயரில் என்பதற்கு நிகராக, எந்தக் கைப்பேசி எண்ணில் என்பதையும் பாருங்கள். பெட்டியைத் திறந்து பார்க்க இரண்டு பெண்களுக்காவது பயிற்சி கேளுங்கள்.

எரிபொருள் செலவு இல்லாததால் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு உறிஞ்சிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அது பெரிய பம்புகளைப் பற்றிய அச்சமாக இருக்க வேண்டும். 200 வாட் பேனலால் ஒரு நாளில் இறைக்க முடிந்த தண்ணீருக்கு வெயிலே வரம்பு கட்டிவிடுகிறது.

இனி குழுவாக வாங்குவது பற்றி. பெனின் நாட்டின் வடபகுதியில் உள்ள கலாலே வட்டாரத்தில் 2007இல் அமைத்த தோட்டங்கள் இதற்கு நல்ல முன்னுதாரணம். ஒவ்வொன்றும் அரை எக்டேர் அளவு. பம்பும் தொட்டியும் சொட்டுநீர் அமைப்பும் பெண்கள் குழுவுக்குப் பொது, பாத்திகள் மட்டும் தனித்தனி. விளைச்சல் தன்னுடையது என்பதால் ஒவ்வொருத்தியும் தன் பாத்தியைக் கவனமாகப் பார்க்கிறாள். முன்பு குடத்தில் சுமந்து ஊற்றிய தண்ணீர் குழாயில் வருகிறது. குழுவே வேண்டாம் என்பவர்களுக்கு வங்கதேச வழி இருக்கிறது: பம்பை ஒரு நிறுவனம் நடத்தும், விவசாயிகள் பருவத்துக்கு இவ்வளவு என்று தண்ணீருக்குக் கட்டணம் செலுத்துவார்கள். நிலப் பத்திரம் கேட்கப்படாத இந்த முறையே குத்தகைக்காரப் பெண்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

நீங்கள் குழுவைத் தொடங்குவதாக இருந்தால், பம்ப் வருவதற்கு முன்பே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். மேகமூட்டமான நாளில் பாதித் தண்ணீர்தான் வரும் என்றால் யாருடைய முறை தள்ளிப்போகும். பழுது பார்க்க மாதாமாதம் எவ்வளவு பிடித்து எந்தக் கணக்கில் போடுவது. ஒருவர் விலகினால் அவருடைய பங்குக்கு என்ன கொடுப்பது. கிணறோ போரோ தனியார் ஒருவரின் நிலத்தில் இருந்தால், குழு தண்ணீர் எடுத்துக்கொள்ள அவர் தரும் சம்மதத்தைப் பத்திரத் தாளில் எழுதி, பம்ப் உழைக்கக்கூடிய ஆண்டுகள் முழுவதற்கும் செல்லும்படி கையெழுத்து வாங்கிவிடுங்கள்.