36 வயதில் கிட்டார் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நானும் வேலைக்குப் போன பிறகுதான் தொடங்கினேன். உங்கள் கேள்வியில் இருப்பது இதுதான்: அண்ணன் மகன் விட்டுவிட்டுப் போன அக்கூஸ்டிக் கிட்டார் வீட்டில் இருக்கிறது, யூடியூப் பார்த்து வாசித்துப் பார்க்கிறீர்கள், விரல் நுனி எரிகிறது, கார்டு (சில தந்திகளை அழுத்தி ஒன்றாக ஒலிக்கவிடும் சுரக்கூட்டு) பிடித்தால் பாதித் தந்திகள் ஒலிப்பதே இல்லை. விரல் குட்டையாக இருப்பதால் வரவில்லையோ என்று சந்தேகப்படுகிறீர்கள். விரலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கிட்டாரைப் பாருங்கள். ஆசையோடு தொடங்கி விட்டுவிட்டவர்கள் சிலரின் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிட்டாரில் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது என்றுதான் பல நேரம் தோன்றியது.

கழுத்தின் மேல் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல்விளிம்பிலிருந்து தடித்த ஆறாவது தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 3-ஐத் தாண்டினால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கஷ்டம். 4 இருந்தால் பழகிய கைக்கே வலிக்கும். அடுத்து, ஒரு தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். அங்கே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால், தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் சரியாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். தொடக்கத்தில் கற்கும் கார்டுகள் எல்லாம் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள்தான் இருக்கின்றன. எனவே இந்தக் குறை புதியவரைத்தான் அதிகம் வாட்டும்.

மூலையில் வருடக்கணக்கில் நின்ற கிட்டாரில் கழுத்து வளைந்திருப்பதும், ஈரக்காற்றில் மேற்பலகை கொஞ்சம் உப்பித் தந்திகளைத் தூக்கிவிடுவதும் சகஜம். பழுது பார்க்கும் ஆள் இருக்கிற இசைக்கருவிக் கடைக்கு எடுத்துப் போய் 'செட்டப்' செய்யச் சொல்லுங்கள். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற கம்பியை ஆலன் கீயால் திருப்பிக் கழுத்தை நேராக்குவார், உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பாலத்தில் செருகிய சாடில் என்ற பட்டையை அடியில் தேய்த்து உயரம் குறைப்பார். சாடிலில் 1 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். பழக்கம் இல்லாமல் இதை வீட்டில் செய்ய வேண்டாம். கூடவே புதுத் தந்தி போடச் சொல்லுங்கள். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வழக்கமாகப் போடுவது 12-இல் தொடங்கும் செட் (மிக மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). நீங்கள் 10 அல்லது 11 கேளுங்கள், அது மெல்லியது. கழுத்து சரி செய்ய முடியாத நிலையில் இருந்தால் மட்டும் புதிது வாங்கலாம். யமஹாவின் எஃப் 280 மாதிரி எளிய மாடல் போதும். கடையிலேயே அந்த இரண்டு அளவுகளையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். நைலான் தந்திக் கிட்டார் விரலுக்கு மென்மைதான், ஆனால் அதன் கழுத்து நட்டுப் பக்கம் 52 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் அது 43 மில்லிமீட்டர் அளவுதான். விரல் எட்டவில்லை என்கிற உங்களுக்கு இரண்டாவதே நல்லது.

இன்னொரு வழியும் உண்டு, செலவில்லாதது. ஆறு தந்திகளையும் ஒரு முழு சுரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு, இறக்கி டியூன் செய்யுங்கள். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் இவ்வளவு இறக்கினாலே இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். அப்புறம் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும், தந்தியின் உயரமும் குறையும். பிளாக் சப்பாத் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965-இல் பர்மிங்ஹாம் ஆலை ஒன்றில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு டியூனிங்கையும் இறக்கினார். கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டுதான் அவர் வாசித்தார். நீங்களும் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகும் விரல் நுனி கொஞ்ச வாரம் வலிக்கும், அது இயல்பு. ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராமல் காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி பலம் போதும். இடக்கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இனி கார்டு. யூடியூபில் பலரும் ஜி, சி, டி என்று தொடங்குவார்கள். நான் ஈ மேஜரில் தொடங்கச் சொல்வேன். அதே விரல் அமைப்பை அப்படியே ஒரு தந்தி கீழே, மெல்லிய தந்திகள் பக்கம், நகர்த்தினால் ஏ மைனர். ஏ மைனரில் மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாவது தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வைத்தால் சி மேஜர், மற்ற இரண்டு விரலும் அசையவே வேண்டாம். ஈ மேஜரில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டால் ஈ மைனர். நான்கு கார்டுகள், ஆனால் கை கற்பது ஒரே வடிவம். எஃப் கார்டு வரும்போது ஆறு தந்தியையும் ஒரு விரலால் அழுத்தப் போராட வேண்டாம், மூன்று விரலில் பிடிக்கும் எஃப் மேஜர் செவன் பல மாதங்களுக்குப் போதும்.

கார்டைப் பிடிப்பதைவிட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் வாசிப்பு. ஏ மைனர், சி, ஏ மைனர், சி என்று ஒரு நிமிடம் மாற்றி எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் தன் இணையதளத்தில் இலவசமாகச் சொல்லித்தரும் பாடங்களில் இந்தப் பயிற்சி உண்டு. ஆங்கிலத்தில் பாடம் கேட்க முடியும் என்றால் தாராளமாக அவரைப் பின்பற்றலாம். நிமிடத்துக்கு 30 மாற்றம் வந்தாலே ஒரு பாட்டுக்குள் போய்விடலாம்.

ஆனால் அந்தப் பாடங்களில் வலக்கை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில்தான் ஓடும். நம் சினிமாப் பாட்டுகளில் எத்தனையோ, நாட்டுப்புற மெட்டுகளில் எத்தனையோ, மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் இருக்கின்றன. 'தகிட தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு 'த'விலும் கை கீழே இறங்கும்படி மீட்டிப் பழகுங்கள். இதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். நான்கு எண்ணிக்கை கையில் ஊறிய பிறகு திஸ்ரத்துக்குத் திரும்புவது தேவையில்லாத சிரமம். இடக்கை கார்டுக்கு வந்து சேராவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. தப்பான ஒலி வந்தால் வரட்டும், தாளம் விட்டுப்போனால்தான் பாட்டு நின்றுவிடும்.

எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் வரும் கிட்டாரை வாசிக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அவரே இசையமைப்பாளர் சலில் சவுத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தவர், கிட்டார் தெரிந்த மனம் அமைத்த இசை என்பது அந்தப் பாட்டுகளில் கேட்கும். அவற்றில் நிறைய இடம் ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்டுவது. அங்கேயும் இடக்கை பிடித்திருப்பது கார்டுதான். எனவே கார்டு மாற்றம் தடுமாறாமல் வந்ததும், தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைக் கீழே வைத்துவிட்டு, மேல் மூன்று தந்திகளைக் கட்டை விரலுக்கும் கீழ் மூன்றை மற்ற விரல்களுக்கும் பிரித்துக்கொடுத்து அதைத் தொடங்கலாம்.

வகுப்பு கட்டாயம் இல்லை. ஆனால் உட்காரும் விதம், கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடம் இவற்றை நேரில் ஒருவர் பார்த்துத் திருத்தினால் பெரிய உதவி. இரண்டு மூன்று வகுப்பு மட்டும் எடுக்கும் ஆசிரியர் கிடைக்கிறாரா என்று பாருங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று கீழே எழுதுங்கள், கடைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.