அமெரிக்க மத்திய மேற்குச் சிற்றூர்களில் விடைபெறவே ஒரு மணி நேரம் ஆகிறதாமே, ஏன்?

உள்ளூர்க்காரர்களே இதை, அங்குள்ள மினசோட்டா மாநிலத்தின் பெயரால், ‘மினசோட்டா குட்பை’ என்று கேலி செய்வார்கள். விருந்தினர் இரு கையாலும் தொடையைத் தட்டி "வெல்ப்..." (‘சரி, அப்போ...’) என்று இழுத்தால் முதல் மணி அடித்தாயிற்று. உடனே கிளம்பிவிடக் கூடாது. கோபித்துக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். பிறகு சமையலறையில் ஒரு பேச்சு, கோட்டு மாட்டியபடி கதவருகே ஒரு பேச்சு, கடைசியாகக் கார் கண்ணாடியை இறக்கி இன்னொன்று. வெளியே மைனஸ் 20 டிகிரி என்றாலும் விலக்கு இல்லை. முடிவில் "மான் குறுக்கே வரும், பார்த்துப் போ" என்பார்கள். "உன்மேல் பிரியம்" என்பதை அவர்கள் சொல்லும் விதம் அது.

புதியவர்கள் சறுக்குவது சாப்பாட்டில்தான். உபசரித்தால் இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை வாங்க வேண்டும். முதலிலேயே கை நீட்டினால் பறக்காவெட்டி. மூன்றாவதையும் மறுத்தால் நிஜமாகவே பட்டினி. தேவாலய விருந்தில் கடைசிக் கேக் துண்டை யாரும் முழுதாக எடுப்பதில்லை. ஒருவர் பாதி, அடுத்தவர் அதில் பாதி. மிஞ்சுவது நகக்கண் அளவு. இறைச்சியும் டப்பா காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கி, ஓவனில் வேகவைக்கும் ‘ஹாட்டிஷ்’ கொண்டுபோகிறீர்களா? சுவைத்துவிட்டு "வித்தியாசமா இருக்கே" என்றால் மகிழாதீர்கள், பிடிக்கவில்லை என்று அர்த்தம். "மோசமில்லை" என்றால்தான் பாராட்டு.